முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

அன்புள்ள யாழினி,

வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கலாம். 1951 செவ்ரோலே 3100, ஒரே பண்ணை வீட்டில் இருந்தது, கொட்டகைக்குள் மழை படாமல் நின்றது, அதுவும் நியூ மெக்சிகோவில். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. எனக்கு ஒப்பாதது நீ போட்டிருக்கும் திட்டம்தான். பாடியைத் தனியே தூக்கி வைத்து, சேஸிஸை மொட்டையாக்கி, கடைசி போல்ட் வரை கழற்றிக் கழுவி, பெயின்ட் அடித்து, படிப்பு முடிவதற்குள் ஷோரூம் வண்டியாக நிறுத்துவேன் என்கிறாய். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் பழைய பிக்கப் விற்கிற விளம்பரங்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார். "பாதி வேலை முடிந்தது, மீதி உதிரிகள் டப்பாக்களில் இருக்கின்றன, நேரமில்லாததால் விற்கிறேன்" என்று எத்தனை வருகிறது பார். அத்தனை பேரும் இதே திட்டத்தோடு ஆரம்பித்தவர்கள். பிரிக்க ஒரு வாரம் போதும். ஆறு மாதம் கழித்து, இந்த போல்ட் எங்கிருந்து வந்தது, இந்த வாஷர் ஸ்பிரிங்குக்கு மேலேயா கீழேயா என்று நிற்கும்போதுதான் மனசு விட்டுப்போகும். உதிரியாகக் கிடக்கும் வண்டியை ஓட்டிப் பார்த்து ஆறுதலடையவும் முடியாது.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று. வண்டியை வண்டியாகவே வைத்துக்கொண்டு வேலை பார். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் பிரி. அதை மூடி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடு. முதலில் அது நிற்க வேண்டும், அப்புறம் ஓட வேண்டும், அழகாவதெல்லாம் அதற்கும் பிறகு.

கையில் எடுக்கப் போவது என்ன வண்டி என்று தெரிந்துகொள். தொழிற்சாலையிலேயே பிக்கப்பாகக் கட்டி, 1925இல் ஃபோர்டு மாடல் டி-யை 281 டாலருக்கு விற்றது. அதற்கு முன்பெல்லாம் காரை வாங்கிப் பின்பக்கத்தை அறுத்து மரப்பெட்டி கட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம். யுத்தம் முடிந்து புதிதாக வரைந்த லாரி வரிசையை செவ்ரோலே 1947 கோடையில் கொண்டுவந்தது. அட்வான்ஸ் டிசைன் என்று பெயர். 1955 தொடக்கம் வரை அதே உருவம் ஓடியது. அரை டன் வண்டிக்கு 3100, முக்கால் டன்னுக்கு 3600, ஒரு டன்னுக்கு 3800. உன்னுடையது 1951ஆ என்பதை விற்பவர் வாயால் கேட்க வேண்டியதில்லை, கதவே சொல்லும். கதவில் சின்ன முக்கோணக் காற்றுக் கண்ணாடி வந்தது 1951இல். அமுக்கித் திறக்கும் பட்டன் கைப்பிடி வந்தது 1952இல். முக்கோணக் கண்ணாடியும் திருகித் திறக்கும் கைப்பிடியும் ஒன்றாக இருந்தால் அது 1951 கதவு. கதவை மட்டும் யாராவது மாற்றியிருக்கலாம் இல்லையா? அதற்கு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். எண்களுக்கு நடுவே ஜே, பி என்ற இரண்டு எழுத்துகள் இருந்தால் 1951ஆம் வருஷத்து 3100 என்று அர்த்தம்.

அந்தத் தகட்டு எண்ணும் டைட்டில் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதே. அந்தக் காலத்தில் சில மாநிலங்களில் எஞ்சின் எண்ணை வைத்தே பதிவு செய்திருக்கிறார்கள்; எஞ்சினை மாற்றியபோது காகிதம் மாறாமலே போயிருக்கும். அப்படியிருந்தால் அதைச் சரிசெய்து தருவது விற்பவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடு. பெயின்ட் அடிக்க வசதியாக இருக்கும் என்று அந்தத் தகட்டைக் கழற்றவும் கூடாது. வண்டி எண் தகட்டில் கைவைப்பது இங்கே மத்திய அரசுச் சட்டப்படி குற்றமாகக்கூடிய விஷயம்.

அடுத்தது துரு. நான் இருக்கும் மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். இந்தப் பக்கத்து வண்டிகளில் அடித்தகடு என்று ஒன்று இருந்ததற்கான அடையாளம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். உன் ஊர் வண்டியில் வெயில் ரப்பரையும் சீட்டையும் தின்றிருக்கும், இரும்பை விட்டுவைத்திருக்கும். ரப்பர் புதிதாகக் கிடைக்கிறது, சீட்டைத் தைத்துக்கொள்ளலாம். அதனால்தான் யோசிக்காதே என்றேன். ஆனாலும் பார்க்க வேண்டிய இடங்களைப் பார்த்துவிடு. கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள் இரண்டும், கதவுக்குக் கீழே ஏறி மிதிக்கும் பகுதி, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்பைச் சுற்றிய தகடு, கால் வைக்கும் தளம். கீழ் மூலையில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பொந்து மாதிரி இடைவெளி உண்டு. கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீரும் தூசியும் அங்கேதான் போய்த் தங்கும், ஈரம் வெளியேற வழியில்லை. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளேயிருந்து அரித்துக்கொண்டு வரும். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி மூலை நெடுகத் தடவிக்கொண்டே போ. எங்கே பிடிப்பு விடுகிறதோ அங்கே தகடு இல்லை, பட்டி இருக்கிறது. அப்புறம் கட்டைவிரலால் உள்பக்கத்தை அழுத்து. கரகரவென்று உதிர்ந்தால் வெட்டி ஒட்டும் வெல்டிங் வேலை இருக்கிறது என்று விலையில் கழித்துக்கொள். மூலைத் தகடுகள் புதிதாகச் செய்து விற்கிறார்கள், உயிர்போகிற விஷயமில்லை. சேஸிஸ் துருவேறி இற்றுப்போயிருந்தால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

உயிர்போகிற விஷயம் ஒன்று உண்டு. உன் ஊருக்கே உரியது. கொட்டகையில் நின்ற வண்டி என்றால் எலி குடியிருந்திருக்கும். சீட்டுக்குள், ஹீட்டர் பெட்டிக்குள், கையுறைப் பெட்டிக்குள். 1993இல் நியூ மெக்சிகோ, அரிசோனா, யூட்டா, கொலராடோ நான்கும் சந்திக்கும் பகுதியில் ஹன்டா வைரஸ் பரவி, நன்றாக இருந்த இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தார்கள். மான் எலி என்ற ஒருவகைக் காட்டெலியின் எச்சமும் மூத்திரமும் காய்ந்து தூசியாகப் பறக்கும்போது அதைச் சுவாசித்தால் வருவது. எனவே வண்டிக்குள் ஏறியதும் துடைப்பத்தை எடுக்காதே, வாக்குவம் போடாதே. கதவுகளைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் காற்றாட விடு. கையுறையும் நல்ல முகக்கவசமும் போட்டுக்கொள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனையத் தெளித்து, ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, காகிதத்தால் வழித்து எடு. சீட்டுக்குள் கூடு இருந்தால் அந்தப் பஞ்சைக் காப்பாற்ற நினைக்காதே. நனைத்துப் பையில் கட்டிப் போட்டுவிடு.

இதே மூச்சில் இன்னும் மூன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதே. பழைய பிரேக் ஷூவிலும் கிளட்ச் தட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதுகிற பழக்கத்தை யாராவது கற்றுக்கொடுத்தால் கேட்காதே. நனைத்துத் துடை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர்களைப் பார்த்திருப்பாய். சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்த பிறகுதான் தலையை உள்ளே நீட்ட வேண்டும். இதில் பெரியவர் சின்னவர் கிடையாது.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் முதலில் சாவியைத்தான் போடுவார்கள். நீ பிரேக்கில் ஆரம்பி.

3100இல் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்; ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஓட்டுநர் காலடிக்குக் கீழே, சேஸிஸோடு சேர்த்து ஒரு மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். தரையில் உள்ள சின்ன மூடியைக் கழற்றினால்தான் ஆயில் ஊற்றும் வாய் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் அதைப் பார்க்காமலே வருஷக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். இதில் ஒரே ஒரு அறைதான். நான்கு சக்கரத்தில் எந்த ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு பிரேக்கும் போய்விடும். மிதி தரையைத் தொடும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். அதனால் மாஸ்டர் சிலிண்டர், சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு வீல் சிலிண்டர், மூன்று ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாகவே போட்டுவிடு. "கழுவிப் போட்டாப் போதும்" என்பவர்கள் சொல்வதை இந்த இடத்தில் மட்டும் காதில் வாங்காதே. 1951இலிருந்து அரை டன் வண்டிக்கு பென்டிக்ஸ் வகைப் பிரேக் வந்துவிட்டது, அது உன் அதிர்ஷ்டம். அதற்கு முந்தைய ஹக் வகையைவிடப் பிடிப்பும் நன்றாக இருக்கும், உதிரியும் எளிதில் கிடைக்கும்.

ஷூவைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு இதில் இல்லை. சக்கரத்தைத் தூக்கி வைத்து, பின்தகட்டில் உள்ள துளை வழியாகக் கம்பியை விட்டு, உள்ளே இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தைப் பல் பல்லாகத் திருப்ப வேண்டும். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே திருப்பு. ஷூ டிரம்மில் உரசும் சத்தம் ஸ்ஸ்ஸென்று கேட்கும். சக்கரம் இறுகும் வரை போய், அங்கிருந்து தடையில்லாமல் சுற்றும் அளவுக்குப் பின்னால் திருப்பு. நான்கிலும் அதே அளவு. ஒன்றில் அதிகமாகிவிட்டால் மிதித்ததும் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்று.

இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் பொருத்தும் கிட் விற்கிறது. போட்டால் வண்டி "ஒரிஜினல்" இல்லாமல் போய்விடும் என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். போட்டுக்கொள். முன்பக்கக் குழாய் போனால் பின்பக்கமாவது பிடிக்கும். அதேபோல் இந்த வண்டி சீட் பெல்ட் இல்லாமல் பிறந்தது. சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே நிற்கிறது பெட்ரோல் டேங்க். பின்பக்கம் பெரும்பாலும் ஒரே விளக்கு, திரும்பும் சைகை விளக்கு கிடையாது. பெல்ட்டும் இரண்டாவது பின்விளக்கும் சைகை விளக்கும் நீ சேர்த்தே ஆக வேண்டும். பெல்ட்டைத் தரைத்தகட்டில் வெறுமனே துளைபோட்டு மாட்டாதே, அடியில் கனமான இரும்புத் தகடு கொடுத்து போல்ட் போடு. ஒரிஜினல் பற்றிய வாதமெல்லாம் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எஞ்சின். ஆறு சிலிண்டர், 216 கன அங்குலம், அதாவது நம் கணக்கில் சுமார் மூன்றரை லிட்டர், 90 குதிரைத்திறன் சொச்சம். இங்கே ஸ்டோவ்போல்ட் என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். யாராவது இதற்குள் பின்னால் வந்த 235ஐ மாற்றி வைத்திருக்கவும் வாய்ப்புண்டு. பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு தேடினால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் இரண்டுக்கும் குணம் வேறு. 216இல் கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் அழுத்தத்தோடு போகாது. ராடின் அடியில் சின்ன அகப்பை மாதிரி ஒரு மூக்கு இருக்கும். அது சுற்றி வரும்போது தொட்டியிலுள்ள ஆயிலை அள்ளிக்கொள்ளும், வேகம் கூடினால் எதிரேயிருந்து பீச்சும் ஆயிலைப் பிடித்துக்கொள்ளும். பேரிங்கும் இப்போது போல ஓடு மாற்றும் வகையில்லை, பாபிட் என்ற மெத்தென்ற உலோகத்தை உருக்கி ஊற்றியது. தேய்ந்தால் இடையில் வைத்திருக்கும் மெல்லிய தகட்டில் ஒன்றை உருவி இறுக்கிக்கொள்ளலாம். ஆயில் மானி 14, 15 காட்டினால் பதறாதே. அந்த மானியே 30 வரைதான். இந்த எஞ்சினுக்கு அதுதான் ஆரோக்கியம்.

ஓடி வருஷங்களான எஞ்சினை ஸ்டார்ட்டரால் சுற்றாதே. ஆறு பிளக்கையும் கழற்று. ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி மெல்லிய ஆயில் விடு. மார்வல் மிஸ்டரி ஆயில் என்று ஒரு சிவப்பு எண்ணெய் எல்லாக் கடையிலும் இருக்கும், அது போதும். இரண்டு நாள் ஊறவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, முன்னாலிருந்து கையால் சுற்றிப் பார். நகராவிட்டால் இன்னும் ஊறட்டும். பலவந்தம் செய்தால் உடைவது பிஸ்டன் ரிங்காக இருக்கும். சுற்ற ஆரம்பித்த பிறகு ஆயில் பேனை இறக்கு. இதைத் தவறாமல் செய். அந்தக் காலத்து ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் மருந்து கிடையாது. எழுபது வருஷத்துக் கறுப்புக் களி அடியில் உறைந்து கிடக்கும். அதைச் சுரண்டி எடுக்காமல் இன்றைய ஆயிலை ஊற்றினால் களி கரைந்து, ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். பேனுக்குள் இருக்கும் ஆயில் தொட்டிகளைக் கவனமாகத் துடைத்து, நெளியாமல் திரும்ப மாட்டு.

ஓட்டுவதற்கு முதல் நாள் டேங்க்கிலுள்ள பெட்ரோலை நம்பாதே. மூடியைத் திறந்தால் வார்னிஷ் நாற்றம் அடிக்கும். டேங்க்கைத் தனியே விட்டுவிட்டு, ஒரு சின்ன கேனிலிருந்து புதுப் பெட்ரோலை நேரே பம்புக்குக் கொடு. இன்றைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஆகாது. பம்பு டயாஃப்ரத்தையும் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்று. கார்புரேட்டர் ராசெஸ்டர் பி-யாக இருக்கும். நல்ல கார்புரேட்டர்தான், ஒரு குறை: மேல்மூடியை இறுக்கி இறுக்கி வளைத்து வைத்திருப்பார்கள். மூடியைக் கழற்றி, நேரான இரும்பு அளவுகோலை அதன்மேல் நிமிர்த்தி வைத்து, எதிரே வெளிச்சத்தைப் பிடித்துப் பார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வளைந்திருக்கிறது. எத்தனை கிட் மாற்றினாலும் பெட்ரோல் வழியத்தான் செய்யும். கண்ணாடித் தகட்டின் மேல் நைசான உப்புக்காகிதம் விரித்து, மூடியைக் கவிழ்த்துச் சமமாகும் வரை தேய். உங்கள் ஊர் அல்புகர்க்கி கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரம், காற்று மெலிது. எஞ்சின் கறுப்பாகப் புகைந்தால் வியாதி என்று நினைக்காதே. ஜெட்டை ஒரு அளவு சிறிதாகப் போட்டால் சரியாகிவிடும்.

டைமிங் வைப்பதில் இந்த எஞ்சினுக்கு ஒரு அழகு இருக்கிறது. முன்பக்கப் புல்லியில் கோடு தேடி ஏமாறாதே. ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில், பெல் ஹவுசிங்கில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். ஃப்ளைவீலில் ஒரு சிறு எஃகுக் குண்டு பதித்திருக்கிறார்கள், சைக்கிள் பேரிங் குண்டு அளவுக்கு. எஞ்சினை மெதுவாகச் சுற்றி அதை ஜன்னலுக்குக் கொண்டுவந்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, வெள்ளைப் பெயின்ட் ஒரு பொட்டு வை. பிறகு எஞ்சின் ஓடும்போது டைமிங் லைட்டை அடித்தால் அந்த வெள்ளைப் புள்ளி நின்றது நின்றபடி தெரியும். முள்ளுக்கு நேராக வரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பு. பிளக் வயர் வரிசை 1-5-3-6-2-4. வால்வு இடைவெளி, பாயின்ட் இடைவெளியெல்லாம் மனப்பாடமாக யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதே. ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வருஷங்களுக்குப் போட்ட ஷாப் மேனுவலின் மறுஅச்சு கிடைக்கிறது. ஸ்பானர் வாங்குவதற்கு முன் அதை வாங்கு. எழுதியவர்கள் பண்ணைப் பையன்களுக்குப் புரிய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இப்போதைய கையேடுகளில் அந்த அக்கறையைக் காணோம்.

மின்சாரம் 6 வோல்ட். சாவியைத் திருப்பினால் மட்டும் ஸ்டார்ட் ஆகாது, ஆக்ஸிலரேட்டருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டார்ட்டர் மிதியைக் காலால் அமுக்க வேண்டும். "6 வோல்ட் பலவீனம், 12க்கு மாற்றிவிடு" என்று பத்துப் பேர் சொல்வார்கள். அவசியமில்லை. வோல்ட் பாதி என்றால் அதே வேலைக்கு மின்னோட்டம் இரட்டிப்பு. அதற்குக் கட்டைவிரல் கனத்துக்குக் கேபிள் வேண்டும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் கேபிளைப் போட்டுவிட்டு, மெதுவாகச் சுற்றுகிறது என்று வண்டியைத் திட்டுகிறார்கள். ஒன்றுக்குச் சுழி, அதாவது 1/0 அளவுக் கேபிள் போடு. எர்த் பிடிக்கும் இடங்களில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரிய வை. செவ்ரோலேயில் மைனஸ்தான் எர்த். அதே வருஷத்து ஃபோர்டில் பிளஸ் எர்த், அந்தப் பழக்கத்தில் யாராவது மாற்றிக் கொடுத்துவிடப் போகிறார்கள். பழைய வயரின் துணியுறை தொட்டால் உதிர்கிறதென்றால் வயரிங் முழுவதையும் மாற்று. அதில் மட்டும் பாதி வேலை கிடையாது. பெட்ரோல் டேங்க் முதுகுக்குப் பின்னால் இருப்பதை மறக்காதே.

நின்று, ஓடி, விளக்கும் எரிகிறது என்றால் பதிவு செய்து ஓட்டத் தொடங்கு. டயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கத்தைப் பார்: 2309 என்றிருந்தால் 2009ஆம் வருஷத்து 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த வயசு டயரை நம்பாதே. பின் அச்சின் விகிதம் 4.11, மணிக்கு 50 மைலுக்கு மேல் விரட்டினால் 216 அலறும், பேரிங்குக்கும் ஆகாது. ஐ-25 நெடுஞ்சாலை பக்கமே போகாதே. உங்கள் ஊர் சென்ட்ரல் அவென்யூ பழைய ரூட் 66; இந்த வண்டி அதற்காகவே அளவெடுத்தது. வைப்பர் எஞ்சினின் உறிஞ்சு காற்றில் ஓடுவது, மேடு ஏறும்போது அழுத்தினால் அதுவும் நின்றுவிடும். மழையில் மலைப்பாதை வேண்டாம். இப்படி ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் எது ஒழுகுகிறது, எது ஆடுகிறது என்று வண்டி தானாகச் சொல்லும். கியர்பாக்ஸில் சத்தம் வந்தால் மட்டும் ஒரு வார இறுதியில் முடிக்கலாம் என்று தொடாதே. ஓட்டும் தண்டு குழாய்க்குள் மூடியிருப்பதால் கியர்பாக்ஸை இறக்கப் பின் அச்சையே பின்னால் தள்ள வேண்டியிருக்கும். ஆயில் மாற்றும்போது ஜிஎல்-4 கேட்டு வாங்கு. ஜிஎல்-5இல் உள்ள மருந்து பித்தளை உறுப்புகளை அரிக்கலாம்.

பெயின்ட் பற்றி நிறையக் கேட்டிருந்தாய். சுருக்கமாகவே சொல்கிறேன். கம்பெனி அடித்த கரும்பச்சை, ஃபாரஸ்டர் கிரீன், எங்காவது மிச்சமிருக்கும். கையுறைப் பெட்டியின் உள்பக்கம், சீட்டுக்குப் பின்னால். அந்தப் பச்சை பாதிக்கு மேல் இருந்தால் அப்படியே விட்டுவிடு. மெழுகு போடு, துரு பூக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் துடை. எப்போது வேண்டுமானாலும் புதுப் பெயின்ட் அடிக்கலாம். பழைய பெயின்ட்டைத் திரும்ப அடிக்க முடியாது. சின்னச் சின்ன உதிரிகளின் துருவைப் போக்கச் சலவைச் சோடா முறை நல்லது. பிளாஸ்டிக் வாளியில் சோடா கரைத்த தண்ணீர், பேட்டரி சார்ஜரின் மைனஸை உதிரியிலும் பிளஸை வேண்டாத இரும்புத் துண்டிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடு. காலையில் துரு கறுப்புச் சேறாக உரிந்திருக்கும். இரும்புத் துண்டுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதே, நஞ்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் வெட்டவெளியில் வை.

முன்கண்ணாடி இரண்டு துண்டு, இரண்டும் தட்டை. உடைந்திருந்தால் ஸ்பெஷல் ஆர்டர் என்று காசு கொடுக்காதே. அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்தால் எந்தக் கண்ணாடிக் கடையிலும் லாமினேட் கண்ணாடியை அறுத்துத் தருவார்கள். கேபின் மூலைகளில் வளைந்த கண்ணாடி இருக்கும் டீலக்ஸ் கேபின் என்றால் மட்டும் அந்த இரண்டையும் பத்திரமாகப் பார்த்துக்கொள், விலை அதிகம். பின்னால் சாமான் ஏற்றும் தளம் மரப்பலகை, இடையிடையே இரும்புப் பட்டை. பலகை மக்கியிருந்தால் மாற்றுவது சுலபமான, மனசுக்குப் பிடித்த வேலை. ஷோவுக்கு வரும் வண்டிகளில் ஓக் பலகைக்கு ஏழு கோட் வார்னிஷ் அடித்து முகம் பார்க்கும்படி வைத்திருப்பார்கள். ஒரு மூட்டை சிமெண்ட் ஏற்றச் சொன்னால் அழுதுவிடுவார்கள். நீ பெயின்ட் அடித்துவிட்டு உபயோகி.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் கிரீஸ்தான். ஸ்பிரிங் ஷேக்கிள், கிங் பின், ஸ்டீயரிங் மூட்டுகள், பெடல் தண்டு என்று நிப்பிள்கள் நிறைய. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் கன்னை மாட்டிப் பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது தலைகாட்டும் வரை அடிக்க வேண்டும். கிரீஸ் ஏறாத நிப்பிளை விட்டுவிட்டுப் போகாதே. அதைத்தான் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கிங் பின்னுக்கு அடிக்கும்போது சக்கரத்தைத் தூக்கி வைத்து அடி, பாரம் இல்லாதபோதுதான் எல்லாப் பக்கமும் பரவும்.

சனிக்கிழமை பார்க்கப் போகும்போது காந்தம், டார்ச், முகக்கவசம், பிளக் கழற்றும் ஸ்பானர் எல்லாம் கையோடு கொண்டுபோ. எஞ்சின் ஓடுகிறது என்று சொன்னாலும் பிரேக் பார்க்காத வண்டியை அங்கிருந்து ஓட்டிக்கொண்டு வராதே, டிரெய்லரில் ஏற்று. டிரெய்லர் வாடகை, பிரேக் உதிரி, ஐந்து டயர், வயரிங், கேபிள் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டி வைத்துக்கொண்டு அப்புறம் விலை பேசு. உன் அப்பாவிடம் கடன் கேட்காதே. அண்ணனுக்கு இதெல்லாம் பழைய இரும்பு. குறைந்தால் என்னைக் கூப்பிடு. மேனுவலை நான் இன்றைக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன், வண்டி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிரேக் அத்தியாயத்தைப் படித்து வை.

அன்புடன்,
சித்தப்பா